இரண்டு பதினேழு

செங்கோட்டை தாண்டி, மலை எழும்பத் தொடங்கும் இடத்தில்
மைதீன் பாத்துவின் பாக்குத்தோப்பு.
அதில் இடுப்பாழக் குழி. குழிக்குள் என் சுருள்:
ஆளுயரம், அறுபதாயிரம் சுற்றுச் செம்புக் கம்பி,
வடக்கு தெற்காகப் படுத்திருக்கிறது,
மேலே மண், மண்ணுக்கு மேல் தார்ப்பாய்.

காந்த ஊசி இந்தப் பக்கம் மூக்கைச் சாய்ப்பதில்லை.
ஏறக்குறைய மட்டமாகக் கிடக்கும்,
விடுமுறை நாள் குமாஸ்தா மாதிரி.

பூமியின் காந்தம் இங்கே நாற்பதாயிரம் நானோடெஸ்லா.
அது எனக்கு வேண்டாம்.
அதில் ஒன்றின் பத்தில் ஒரு பங்கு
ஒரு நிமிஷத்துக்குள் ஏறி இறங்குகிறதே,
அந்த நடுக்கம் போதும்.

அதற்காகக் கைக்கடிகாரம், சாவிக்கொத்து, சேலை ஊக்கு
எல்லாம் நூறடி தள்ளி ஓர் ஊறுகாய் பாட்டிலில்.
பாத்துவின் பசுவுக்குச் சங்கிலியைக் கழற்றி
கயிறு வாங்கிக் கொடுத்தேன்.
"ஒன் மிஷினுக்கு எம் மாடு என்ன செஞ்சிச்சு?" என்றவள்
வாடகையில் இருநூறு கூட்டினாள்.

லாரிகளைத்தான் ஒன்றும் செய்ய முடியவில்லை.
மலைப்பாதையில் ஒவ்வொன்றும் போகும்போது
என் கோட்டில் ஒரு மேடு.
கோழி, சிமெண்டு, வைக்கோல், வாழைத்தார்.
காந்தத்துக்குச் சரக்கு தெரியாது, இரும்பு மட்டும் தெரியும்.

சாவடியில் கோமதிநாயகம் பதிவேட்டைக் காலையில் தருவார்.
வண்டி எண், நேரம். பார்த்துப் பார்த்து மேடுகளை நீக்குவேன்.
"ராத்திரி பூரா நான் எழுதுறேன், விடிஞ்சா நீ அழிக்கிறே"
என்று சிரிப்பார்.

ஒன்று மட்டும் அழிய மறுத்தது.
புதன் இரண்டு பதினேழு. வியாழன் இரண்டு இருபத்தொன்று.
வெள்ளி மறுபடி இரண்டு பதினேழு.
அடுத்தடுத்து மூன்று மேடு, கனமானவை.
பதிவேட்டில் வெறும் தாள்.
நோட்டில் எழுதினேன்: புதிய வகை அலை?
கேள்விக்குறியைப் போட மனசே இல்லை.

கேட்டேன். அவர் என்னைப் பார்க்காமல்
பதிவேட்டைப் பார்த்தார்.
"அந்நேரம் ரோட்டுல நாய்கூடப் போகாதும்மா."
டீக்குக் காசும் அவரே கொடுத்தார்.

அன்றிரவு சுருளை விட்டுவிட்டு
புளியமரத்தடியில் வெறுங்கண்ணோடு நின்றேன்.
விளக்கணைத்த மூன்று லாரி.
தார்ப்பாய் ஓரத்தில் பிதுங்கும் பாறை,
அச்சு முனகல், பின்னால் கல்தூள்.
பூமியை அளக்க வந்திருந்தேன்.
அது துண்டு துண்டாக மேற்கே போய்க்கொண்டிருந்தது.

பிறகு மழை. வளைவில் மண் சரிந்து பாதை அடைந்தது.
ரயிலும் இல்லை.
ஓட்டுநர்கள் லாரிக்கடியில் பாய் விரித்தார்கள்.
நிற்கிற இரும்பைச் சுருள் அறியாது;
அசைந்தால்தான் அதற்குச் சேதி.
வந்த நாளிலிருந்து முதல் முறையாகக் கோடு
ஈரத்துணி காய்வதுபோல் சும்மா இருந்தது.

ஒன்று நாற்பத்துமூன்று.
ஏறியது. இறங்கியது. நிமிஷத்துக்கு ஒன்று.
நாலு அலை, ஒன்றைவிட ஒன்று குட்டை,
அப்புறம் அடங்கிவிட்டது.
சூரியனுக்கு முதுகு காட்டிய பக்கம்,
நிலா தூரத்தில் பாதியிலோ என்னவோ,
இழுபட்டுக் கிடந்த காந்தக் கோடுகள்
பட்டென்று விட்டிருக்கின்றன.
இங்கே பாத்துவின் பசு எழுந்து
மூத்திரம் பெய்துவிட்டுப் படுத்துக்கொண்டது.
யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது.
மாட்டிடம் சொன்னேன்.

மூன்றாம் நாள் பாதை திறந்தார்கள்.
மறுநாள் காலையில் பதிவேடு வந்தது.
2.17. மூன்று வண்டி. எண் உண்டு, நேரம் உண்டு.
சரக்கு: வைக்கோல்.
மை என் கட்டைவிரலில் ஒட்டியது.
எனக்காகத்தான் எழுதியிருக்கிறார்,
என் கோடு சுத்தமாக இருக்கட்டுமென்று.

மூன்று மேட்டையும் திரையில் பெரிதாக்கி வைத்திருந்தேன்.
அழிக்க ஒரு பொத்தான்தான்.
கிழக்கே, வெகு தூரத்தில், பாறைக்கு வெடி வைத்தார்கள்.
மாடு தலையைத் தூக்கியது.
கோடு அசையவில்லை.